கொம்பையாபுரம் டெலிபோன் கம்பெனி லைன் கொடுத்த கதை

கொம்பையாபுரத்தில் ஒரு டெலிபோன் கம்பெனி இருந்தது. இருந்தது என்று சொல்லிக்கொள்ள அந்த ஊர்க்காரர்களுக்கு இன்னும் கூச்சம்தான். முதலாளி ரத்தினசபாபதி மிஷினைப் பட்டணத்தில் வாங்கினார். ஆளை மட்டும் வீட்டிலிருந்து எடுத்தார். மேனேஜர் நாற்காலியில் அவருடைய மச்சினன் வைரவநாதன் உட்கார்ந்தார். அதற்கு முன்னால் வைரவநாதன் பார்த்த உத்தியோகம், அக்கா வீட்டில் மூன்று வேளையும் சாப்பிடுவது.

அவருக்குக் கீழே சடையப்பன், பூமிநாதன் என்று இரண்டு பேர். மேனேஜரைவிட அறிவாளி யாரும் வேண்டாம் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய ஆட்கள். சுலபமான காரியமா அது? ஊரையே சலித்திருந்தார்கள்.

மிஷினை மாட்டிக் கொடுத்த இன்ஜினீயர் கிளம்பும்போது சொன்னார்: "மணி அடிச்சா எடுங்க. மரியாதையா பேசுங்க. யார் கேட்டாலும் உடனே லைனைக் குடுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் போய்விட்டார், புண்ணியவான்.

மறுநாள் காலை சிவன் கோயிலில் மணி அடித்தது. சடையப்பன் பாய்ந்து போனை எடுத்தான்.

"வணக்கம்!... மேனேஜரய்யா, பதிலே இல்லை."

"கோயில் மணிடா. பேசுறது சாமியா இருக்கும். எழுந்து நின்னு பேசு."

மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். அர்ச்சனை முடியும்வரை நின்றார்கள். பிறகு பள்ளிக்கூட மணி, ஐஸ்வண்டி மணி, தபால்காரர் சைக்கிள் மணி. எல்லாவற்றுக்கும் எடுத்து வணக்கம் சொன்னதில் பூமிநாதனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. 'இவ்வளவு பேர் கூப்பிடுகிறார்களே, கம்பெனி ஓகோ என்று நடக்கிறது' என்று வைரவநாதனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அக்கா வீட்டில் ஒருவரும் அவரை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. சோறு ஆறினால்கூட.

ஒரு மத்தியானம் நிஜமாகவே போன் அடித்தது. பேசியவர் ரைஸ்மில் நல்லபெருமாள்.

"மில்லுல தீப்பிடிச்சிருச்சு! ஃபயர் ஸ்டேஷன் லைனைக் குடு! சீக்கிரம்!"

"தீ விபத்துங்களா? ரொம்ப சந்தோஷம், இதோ தர்றோம்," என்றான் சடையப்பன், மரியாதையாக.

வைரவநாதன் யோசனையில் ஆழ்ந்தார். "லைன் கம்பெனிச் சொத்தாச்சே. எப்படிடா தூக்கிக் குடுக்கிறது?"

"கேட்டா குடுக்கணும்னு இன்ஜினீயர் சொல்லியிருக்காரே," என்றான் பூமிநாதன்.

"முழுசாவா, பாதியாவா?"

"தீ பெரிசாம் மேனேஜரய்யா. முழுசாவே குடுத்துடுவோம். பாதி குடுத்தா கஞ்சத்தனம்னு பேசுவாங்க."

உடனே ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், ஃபயர் ஸ்டேஷனுக்குப் போகும் கம்பியைக் கம்பம் கம்பமாக அறுத்துச் சுருட்டினார்கள். ஸ்டேஷன் வாசலில் நின்ற தீயணைப்பு வீரர் ஒருவர், "எதுக்குங்க கழட்டுறீங்க?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எதுக்கு? கேட்டவருக்குப் போகுது," என்றார் வைரவநாதன்.

சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரே மில்லுக்கு ஓடினார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வேலையை நேரத்துக்கு முடிக்கிறோமே என்று அவருக்குக் கண் கலங்கியது. புகையிலும் கலங்கியது. அங்கே சனங்கள் கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து ஊற்றி, பாதி மில்லைக் காப்பாற்றியிருந்தார்கள்.

"இந்தாங்க அண்ணாச்சி, நீங்க கேட்ட லைன்," என்றார் வைரவநாதன்.

நல்லபெருமாள் கம்பியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிறகு கட்டை எதுவும் கிடைக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தார்.

சாயங்காலம் ரத்தினசபாபதி கம்பெனிக்கு வந்தார். வீங்கிய கன்னத்தோடு நின்ற மச்சினனைத் தள்ளிவிட்டு, நாற்காலியில் விழுந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மானம் போச்சு. போதும்டா! கம்பெனியை இழுத்து மூடுங்கடா!"

"சரிங்க அத்தான்," என்று வைரவநாதன் பணிவாக வெளியே வந்தார்.

"இழுத்துட்டு மூடணுமா, மூடிட்டு இழுக்கணுமா?" என்றான் சடையப்பன்.

"எதை வச்சு மூடுறோமோ அதை இழுக்கணும். கட்டடத்தை இழுக்க நாம என்ன முட்டாளா?" என்றார் வைரவநாதன்.

லாரி ஷெட்டிலிருந்து பெரிய தார்ப்பாய் வந்தது. ஓட்டுக்கு மேலே போட்டு, நாலு பக்கமும் இழுத்து, கயிற்றால் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். முதலாளி உள்ளே இருக்கிறாரே என்று பூமிநாதன் மெதுவாக நினைவுபடுத்தினான்.

"கம்பெனியை மூடுங்கன்னுதானே சொன்னார்? என்னை விட்டுட்டு மூடுங்கன்னு சொன்னாரா?" என்றார் வைரவநாதன்.

சொல்லவில்லை. மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "டேய்! மூச்சு முட்டுதுடா!"

வைரவநாதன் கடைசி முடிச்சை இறுக்கினார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"கேட்டீங்களாடா? முதலாளி வாயாலே சொல்றார். காத்துகூடப் போகாத மாதிரி மூடியிருக்கோம்!"