நடு ஆற்றில் நடந்த கொலை வழக்கு

முன்னொரு காலத்தில், மழை எப்போது கொட்டும், ராஜா எப்போது சீறுவார் என்று யாராலும் சொல்ல முடியாத செங்கழனி நாட்டை வீரகண்ட ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். வாயில் போட்ட வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவார் என்பது ஒன்றுதான் குறை. கொலைக்கு அவர் வைத்திருந்த சட்டமும் ஒரே வரி. ஒருவன் கையால் இன்னொருவன் செத்தால் அந்தக் கைக்காரனும் சாக வேண்டும்.

அந்த ஒரு வரியில் பரிசல்காரன் முத்தாண்டி வசமாக மாட்டிக்கொண்டான். புதுவெள்ளம் வந்த நேரம். ஒன்பது பேரோடு நடு ஆற்றில் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு வாலிபன் எழுந்து நின்று கரையில் இருந்தவர்களுக்குக் கையாட்டினான். பரிசல் சாய்ந்தது. மூன்று முறை கத்தியும் அவன் உட்காரவில்லை. முத்தாண்டி துடுப்பால் அவன் முழங்காலில் ஒரு போடு போட்டான். அந்த ஆற்றுப் பரிசல்காரர்களின் வழக்கம் அது. முழங்கால் மடிந்தால் ஆள் தானாக உட்கார்ந்துவிடுவான். இவனோ வெளியே சரிந்து வெள்ளத்தோடு போய்விட்டான்.

செத்தவன் அரண்மனை மரியாதை அதிகாரி மங்கலராயருடைய தங்கை மகன். சபையில் யார் எங்கே உட்காருவது, யார் எப்போது எழுவது என்று வகுப்பதே ராயரின் வேலை. மந்திரி அம்பலவாணரைக் கண்டால் அவருக்கு ஆகாது. ராஜா மந்திரியைப் பார்த்துச் சிரித்த நாளில் ராயருக்குச் சோறு இறங்காது.

சபை கூடியது. “அடித்தது நீதானா?” என்று கேட்டார் ராஜா.

“நான்தான் மகாராஜா. ஆனா...”

“போதும்” என்று எழுந்தார் ராயர். “குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டான். நாளையே தூக்கில் போடலாம்.”

அம்பலவாணர் அவசரப்படவில்லை. “அடித்ததைத்தான் ஒப்புக்கொண்டான் ராயரே. கொலையை ஒப்புக்கொள்ளவில்லை. மகாராஜா, திட்டம் போட்டுக் கொல்கிறவனும் இருக்கிறான், கை தவறி அடித்துவிடுகிறவனும் இருக்கிறான். பத்துப் பேரைக் காப்பாற்றப் போய் ஓர் உயிர் போகக் காரணமாகிறவனும் உண்டு. எல்லோருக்கும் ஒரே கயிறா?”

“மந்திரிக்கென்ன, பேசுவார். என் மடியில் வளர்ந்த பிள்ளை மகாராஜா அவன். அடிப்பானேன்? கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்திருக்கலாமே?” ராயரின் குரல் உடைந்தது. அந்த அழுகை பொய்யில்லை என்று மந்திரிக்கும் தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது. அதற்காக இன்னொருவன் கழுத்தைக் கொடுக்க முடியுமா?

“கேள்வி நியாயம்தான்” என்றார் மந்திரி. “இங்கே உட்கார்ந்து பேசினால் விடை தெரியாது. பரிசலில் போய்ப் பார்த்துவிடுவோம்.”

ஆற்றுச் சவாரி என்றதும் ராஜாவுக்கு உற்சாகம் தொற்றிக்கொண்டது. மறுநாள் காலையில் ராஜா, ராயர், மந்திரி மூவரும் பரிசலில் ஏறினார்கள். விலங்கை அவிழ்த்து முத்தாண்டியையே துடுப்புப் போடச் சொன்னார் மந்திரி. நான்கு நீச்சல்காரர்களைப் பின்னால் இன்னொரு பரிசலில் வரச் சொல்லவும் அவர் மறக்கவில்லை.

நடு ஆறு வந்ததும் அம்பலவாணர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். “ராஜாதி ராஜ, வீர கம்பீர, செங்கழனி காவல...”

ராஜாவின் பட்டங்களைச் சொன்னால் சபையில் இருப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும். இருபத்து நான்கு பட்டங்களும் முடியும்வரை உட்காரக் கூடாது. இந்த விதியை எழுதியவரே ராயர்தான். மனிதர் கைகூப்பிக்கொண்டு விருட்டென்று எழுந்தார். பரிசல் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே புகுந்தது.

“உட்காரும் ராயரே!”

“இன்னும் பதினாறு இருக்கிறது மகாராஜா” என்றார் ராயர், கூப்பிய கையை இறக்காமல்.

ராஜா எட்டி அவர் கையைப் பிடித்து இழுத்தார். ராஜா நகர்ந்ததும் பரிசல் இன்னும் சாய்ந்தது. தண்ணீர் மடிவரை ஏறியது. முத்தாண்டியின் கையிலிருந்து துடுப்பைப் பிடுங்கினார் ராஜா. ராயரின் முழங்காலில் ஒரே போடு. நல்லவேளை, ராயர் உள்பக்கமாக மடிந்து விழுந்தார். பரிசல் நிமிர்ந்தது.

மந்திரி பட்டங்களை நிறுத்தினார். “மகாராஜா, ராயர் வெளியே விழுந்து செத்திருந்தால் தங்கள் மேல் என்ன குற்றம் சுமத்துவது?”

“குற்றமா?” ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “இவரைக் கொல்ல நினைத்தா அடித்தேன்? உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. இழுத்தேன், இன்னும் சாய்ந்தது. வேறு வழியில்லாமல் ஓர் அடி, அதுவும் முழங்காலில். இல்லையென்றால் நாலு பேரும் போயிருப்போம்.”

“நேற்று சபையில் இவன் ‘ஆனா’ என்று சொல்லத் தொடங்கியது இதைத்தான் மகாராஜா.”

ராஜா வாயிலிருந்த வெற்றிலையை மெல்லவும் மறந்து உட்கார்ந்திருந்தார். பிறகு ராயர் பக்கம் திரும்பினார். “நீர் சொல்லும். நான் கொலைகாரனா?”

முழங்காலைத் தடவிக்கொண்டே ராயர் தண்ணீரைப் பார்த்தார். “இல்லை மகாராஜா” என்றார். “இவனும் இல்லை.” சொல்லிவிட்டு மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

“முத்தாண்டிக்கு விடுதலை” என்றார் ராஜா. “இனி கொலை வழக்கு வந்தால், கொல்லும் எண்ணம் இருந்ததா, வேறு வழி இருந்ததா, தேவைக்கு மேல் அடித்தானா என்று கேட்காமல் தீர்ப்புக் கிடையாது. ஒருவன் ‘ஆனா’ என்று ஆரம்பித்தால் சபையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ராயரே, உம்முடைய துக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு மனிதனைப் பேசவிடாமல் தூக்கில் ஏற்றப் பார்த்தீர். இனிமேல் என் பட்டங்களைச் சொல்லும்போது எல்லோரும் எழுந்து நிற்கட்டும். நீர் ஒருவர் மட்டும் உட்கார்ந்தே இரும்.”

ராயருக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை. ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அம்பலவாணர் கழுத்தில் போட்டார். அந்தச் சந்தோஷத்தோடு முத்தாண்டியைப் பார்த்தார். “உனக்கு என்ன வேண்டும்? எதுவானாலும் கூசாமல் கேள்.”

முத்தாண்டி கைகூப்பினான்.

“மொதல்ல அந்தத் துடுப்பைக் குடுங்க மகாராஜா. பரிசல் சுழிப் பக்கம் போயிட்டிருக்கு.”