பின்னணி இல்லாத வக்கீல்

தூத்துக்குடியில் மூன்று பேர் சேர்ந்து நடத்திய கிரிமினல் வக்கீல் ஆபீசுக்கு, மீன் விற்கும் பனிமயம் மூச்சிரைக்க ஓடிவந்தாள். படகு மோட்டாரைத் திருடினான் என்று அவள் மகனைப் பிடித்துவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் கோர்ட்.

"எங்கள் பின்னணி தெரியுமா?" என்று நெஞ்சை நிமிர்த்தினார் பெரிய வக்கீல் சதாசிவம். "நான் அரசு வக்கீலாக இருந்தவன். என்னிடம் சிக்கியவன் தப்பியதில்லை. இவர் இன்ஸ்பெக்டராக இருந்தவர். இவர் பிடித்தால் உடும்புப் பிடி. அவர் ஜெயிலராக இருந்தவர். அவர் பூட்டினால் பூட்டியதுதான்."

கேட்கக் கேட்கப் பனிமயம் வாசல் பக்கம் பின்வாங்கினாள். "ஐயா, மூணு பேருமே உள்ள தள்ளுனவியளால்லா இருக்கிய! மூலையில கேஸ் கட்டு அடுக்குற அந்தப் பிள்ள யாரு?"

"ஜூனியர் இசக்கியம்மாள். அவளுக்கு ஒரு பின்னணியும் கிடையாது."

"அப்ப அந்தப் பிள்ளயே வரட்டும்."

சதாசிவத்துக்கு முகம் கறுத்தது. "போ இசக்கி. ஜாமீன் வாங்காமல் வந்தால் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடு."

வேடிக்கை பார்க்க மூவரும் கோர்ட்டுக்கு வந்து, பின் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இசக்கி எழுந்து நின்றாள்.

"குற்றப் பின்னணி ஏதாவது உண்டா?" என்று கேட்டார் நீதிபதி.

"என் கட்சிக்காரருக்கும் இல்லை, எனக்கும் இல்லை, ஐயா. பின்னணி உள்ளவர்கள் எல்லாம் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்."

நீதிபதி பின் பெஞ்சைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அரசு வக்கீலிடம் விசாரித்தார். பையன் மேல் பழைய வழக்கு ஒன்றுமில்லை என்று அவரும் ஒப்புக்கொள்ள, ஜாமீன் கிடைத்தது.

வெளியே வந்த மகன் கையைப் பிடித்து இழுத்தாள் பனிமயம்.

"வேகமா நடலே! அந்த மூணு பேரும் பின்னாலயே வாறாவ!"