முள்ளி வீட்டுத் தேன்புகை

காய்ந்த இலைகளைக் கிள்ளிக் கிள்ளி ஒரு பக்கமாகக் குவித்துக்கொண்டிருந்தாள் முள்ளி என்கிற முள்ளம்பன்றி. ஒரு காட்டில், மலையின் குளிர்ந்த சரிவில், அவள் வளைக்கு முன்னால் ஒரு தோட்டம் இருந்தது. தோட்டம் முழுக்க ஐரிஸ் பூக்கள்.

ஐரிஸ் பூவைப் பார்த்திருக்கிறீர்களா, பிள்ளைகளே? இலை வாள் மாதிரி நிமிர்ந்து நிற்கும். பூவில் மூன்று இதழ் மேலே கூம்பி நிற்கும், மூன்று இதழ் கீழே தொங்கும். மண்ணில் இஞ்சி மாதிரி ஒரு கிழங்கு படுத்திருக்கும்.

கிழங்கு தின்கிற குலத்தில் பிறந்தும் முள்ளி அந்தக் கிழங்கை ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. அதிலேயே அவளுக்குப் பாதிப் பெருமை.

"எங்க வீட்டுக்காரருக்கு இதைப் பார்த்தா வாய் ஊறுது. எனக்குக் கண்ணு நிறையுது" என்பாள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஐரிஸ் கிழங்கை வாய்விட்டுக் கேட்கவும் கூடாது, கையால் எடுத்துக் கொடுக்கவும் கூடாது. அப்படி வந்த கிழங்கு பூக்காது என்று எல்லாரும் நம்பினார்கள். அதனால் கிழங்கு வேண்டுமென்றால் தோட்டத்துக்கு வந்து, "வானம் எப்படி இருக்கு?" என்று மட்டும் விசாரிப்பார்கள். தோட்டத்துக்காரர் முகத்தைத் தூக்கி வானத்தைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே நிற்பார். அதற்குள் வந்தவர் ஒரு துண்டை ஒடித்துக்கொண்டு போய்விடலாம். வானத்தைப் பார்த்துவிட்டால் கொடுத்த மாதிரி. யார் வீட்டில் இருந்து கிழங்கு வந்ததோ அந்த வீட்டுப் பெயரே பூவுக்கும் பெயர்.

முள்ளியின் தோட்டத்தில் கடமான் வீட்டு மஞ்சள் இருந்தது. மரநாய் வீட்டு வெள்ளை இருந்தது. எல்லாம் அந்தந்த வீட்டுக்குப் போய், வானத்தை விசாரித்து, அவள் ஒடித்து வந்தவைதான்.

ஆனால் வளைவாசலை ஒட்டி இருந்த ஒரு தூருக்கு ஈடு எதுவும் இல்லை. அதன் பூ தேனில் புகை கலந்த நிறம். கல்யாணமாகி வந்தபோது முள்ளி பிறந்த வீட்டில் இருந்து கொண்டுவந்தது. பிறகு அந்தப் பக்கத்து மலை ஒரு பெருமழையில் சரிந்துவிட்டது. பிறந்த வீடும் இல்லை, அந்தத் தோட்டமும் இல்லை. காட்டிலேயே தேன்புகை இருந்தது முள்ளியிடம் மட்டும்தான்.

அது பூக்கும் காலத்தில் காடே வந்து பார்க்கும். முள்ளி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள்.

"தள்ளி நின்னு பாருங்க. மூச்சு பட்டா வாடிடும்."

பக்கத்துப் புல்வெளியில் தவிட்டி என்கிற முயல் குடியிருந்தாள். தவிட்டு நிறம், நீளக் காது, காதைவிட நீளமான புத்தி. அவள் ஒவ்வொரு முறையும் வந்து கேட்பாள்.

"முள்ளியக்கா, வானம் எப்படி இருக்கு?"

"அது பாட்டுக்கு இருக்கு."

"மேகம் ஏதாவது தெரியுதா?"

"தெரிஞ்சா உனக்குத்தான் ரெண்டு கண்ணு இருக்கே. நீயே பாரு."

"அக்காவுக்குக் கழுத்து சுளுக்கிடுச்சு போல" என்பாள் தவிட்டி.

"ஆமா. தேன்புகைக்குப் பக்கத்தில நின்னா மட்டும் சுளுக்கிக்கும்" என்பாள் முள்ளி, வெட்கமில்லாமல்.

மற்றவர்கள் வீட்டில் அவள் கிழங்கு ஒடித்தது அவளுக்கு நினைவில் இல்லாமல் இல்லை. ஆனாலும் தேன்புகையைப் பார்க்கும்போதெல்லாம் சரிந்த மலைதான் கண்முன் வரும். இதில் ஒரு துண்டு குறைந்தாலும் பிறந்த வீடு ஒரு துண்டு குறைந்த மாதிரி அவளுக்கு.

ஒரு நாள் முள்ளியின் குட்டி ஊசி தோட்டத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. அதற்கு முள் இன்னும் கெட்டிப்படவில்லை. தவிட்டி வேலியோரம் புல் கடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று காதை விறைத்துக்கொண்டு கத்தினாள்.

"அக்கா, கழுகு."

முள்ளிக்கு உயிரே போய்விட்டது. ஒரே பாய்ச்சலில் குட்டியை வயிற்றுக்கு அடியில் தள்ளிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். இந்த மூலையைப் பார்த்தாள், அந்த மூலையைப் பார்த்தாள். கழுகும் இல்லை, காக்கையும் இல்லை.

பின்னால் 'பொட்டு' என்று ஒரு சத்தம்.

திரும்பினால், தவிட்டியின் வாயில் தேன்புகைக் கிழங்கு ஒரு துண்டு, இரண்டு இலையோடு.

"அடிப்பாவி, திருடிட்டியே."

தவிட்டி கிழங்கைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "வானத்தைப் பார்த்தீங்களா இல்லையா, அக்கா?"

"பார்த்தேன். கழுகுன்னு சொன்னா யாருதான் பார்க்க மாட்டாங்க?"

"எதுக்குப் பார்த்தாலும் பார்த்தது பார்த்ததுதான். வழக்கம் அப்படித்தானே?"

வழக்கம் அப்படித்தான்.

"பிள்ளையைக் காட்டிப் பொய் சொன்னியே. இனிமே என் வாசலை மிதிக்காதே" என்றாள் முள்ளி.

தவிட்டியின் காது சற்றே தொங்கியது. "அது தப்புதான், அக்கா" என்றாள். ஆனாலும் கிழங்கை மறக்காமல் கவ்விக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து முள்ளிக்கு நிம்மதி இல்லை. முயல் எடுத்தால் நாளைக்கு மந்தி எடுக்கும், மறுநாள் மயில் எடுக்கும். முள்ளம்பன்றிக்கு எந்தக் கவலை வந்தாலும் தெரிந்தது ஒரே வைத்தியம்தான், மண்ணைத் தோண்டுவது. தேன்புகையைச் சுற்றித் தோண்டினாள். தோண்டிய மண்ணை எல்லாம் கிழங்கின் மேலே போட்டு மூடினாள். கிழங்கு இருக்கிற இடமே தெரியாதபடி மேடு கட்டினாள். அதன் மேல் முள்செடியும் வெட்டிப் போட்டாள்.

"அம்மா, கிழங்கோட முதுகில வெயில் படணும்னு நீதானே சொல்லுவே?" என்றது ஊசி.

"முதுகு தெரிஞ்சா கைவைக்கத் தோணும். நீ சும்மா இரு" என்றாள் முள்ளி.

தெரியாமல் செய்தால் ஒரு தப்பு. தெரிந்தே செய்தால்?

மழைக்காலம் வந்தது. மேட்டு மண் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஈரமாகவே கிடந்தது. ஏற்கெனவே ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருந்த கிழங்குகளுக்கு மூச்சுவிட இடமில்லை. இலை நுனி மஞ்சளானது. பிறகு அடியும் மஞ்சளானது. ஒரு நாள் முள்ளி இலையைத் தொட்டுப் பார்த்தாள். அது இழுக்காமலே கையோடு வந்துவிட்டது. அடியில் அழுகல் நாற்றம்.

மேடு முழுவதையும் பறித்துப் பார்த்தாள். கெட்டியாக ஒரு துண்டுகூட இல்லை.

அவள் அழவில்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை. பறித்த மண்ணைத் திரும்பத் தள்ளி, மேலே முள்செடியைப் பழையபடி பரப்பி வைத்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள், "தேன்புகை எப்படி இருக்கு?" என்று கேட்டால், "இருக்கு, இருக்கு" என்றாள்.

பூக்காலம் வந்தது. வேலிக் கொம்பில் ஒரு மைனா வந்து உட்கார்ந்தது. காட்டுச் செய்தியெல்லாம் அதன் அலகில்தான் இருக்கும்.

"என்ன முள்ளி, இங்கே உட்கார்ந்திருக்கே? உன் பேரு அங்கே கொடிகட்டிப் பறக்குது."

"எங்கே?"

"புல்வெளியில. முள்ளி வீட்டுத் தேன்புகை பூத்திருக்குன்னு காடே அங்கேதான் நிக்குது. கடமான்கூடத் தலையைக் குனிஞ்சு மோந்து பார்த்துட்டுப் போச்சு."

முள்ளி எழுந்தாள். போகக் கூடாது என்று நினைத்தாள். கால் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

முயல்கள் வளை தோண்டாது, பிள்ளைகளே. புல்லில் லேசாக ஒரு பள்ளம் பண்ணிப் படுத்துக்கொள்ளும். தவிட்டி கிழங்கையும் அப்படியே மேலாக வைத்திருந்தாள். கிழங்கு வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு சுகமாகப் படுத்திருந்தது. அதன் நடுவில் நீளத் தண்டு, தண்டில் தேனில் புகை கலந்த பூக்கள்.

சுற்றிலும் கூட்டம். தவிட்டி எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இது முள்ளியக்கா வீட்டுப் பூ. அவங்க பிறந்த வீட்டில இருந்து சுமந்துட்டு வந்து வளர்த்தது. நான் சும்மா வச்சேன், அவ்வளவுதான். அழகு எல்லாம் அவங்க வீட்டு அழகு."

முள்ளி பூவைப் பார்த்தாள். சரிந்து போன மலை, பிறந்த வீட்டு வாசல், எல்லாம் அந்த இதழில் நின்றது. எத்தனை பேர் வாயில் அவள் பெயர். தலை தானாக நிமிர்ந்தது. ஆனால் முட்கள் மட்டும் சிலிர்க்கவில்லை, படிந்தே கிடந்தன.

கூட்டம் கலைந்தது. தவிட்டி அவளைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"வாங்க, அக்கா. என் மேல கோபம் தீர்ந்துச்சா?"

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

"இருக்கட்டும். உங்க வீட்டில இந்த வருஷம் பூ எப்படி?"

"கொஞ்சம் குறைவுதான்" என்றாள் முள்ளி.

தவிட்டி அவள் நகத்தைப் பார்த்தாள். நகம் நிறைய மண். முகத்தைப் பார்த்தாள். முகத்தில் பூக்காலமே இல்லை. விவரம் புரிந்துவிட்டது.

கேட்கவேண்டியது ஒரே ஒரு கேள்விதான். வானம் எப்படி இருக்கு என்ற கேள்வி. அதைத் தவிட்டி எத்தனையோ முறை கேட்டும் முள்ளி வானத்தைப் பார்த்ததில்லை. இப்போது அதைக் கேட்க வாயைத் திறந்தாள், மூடினாள்.

கேட்காவிட்டால் தேன்புகை இல்லை. கேட்டால் மானம் இல்லை.

தவிட்டி அவள் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. பூவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். காதை மடித்துப் போட்டுக்கொண்டு, அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள்.

"கழுகு வருதான்னு பார்க்கிறேன், அக்கா. எனக்கு ரொம்ப நேரம் ஆகும்."

முள்ளி அசையாமல் நின்றாள்.

"பெரிய துண்டா ஒடிங்க. கழுத்து வலிக்குது" என்றாள் தவிட்டி, தலையை இறக்காமலே.

'பொட்டு' என்று ஒரு சத்தம் கேட்டது.

முள்ளி அந்தத் துண்டைப் பழைய இடத்தில் வைக்கவில்லை. தோட்டத்தின் நடுவில், நல்ல வெயிலில், முதுகு வெளியே தெரியும்படி வைத்தாள். முள்செடியை வாரிப் பள்ளத்தில் எறிந்தாள். கை தோண்டத் துடிக்கும்போதெல்லாம் வேறு பாத்திக்குப் போய்க் களை எடுத்தாள்.

தூர் கட்டியது. பூத்தது. காடு மறுபடியும் அவள் வாசலுக்கு வந்தது. முள்ளி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள், பழைய பெருமை குறையாமல். ஆனால் யார் வந்து வானத்தை விசாரித்தாலும் உடனே அண்ணாந்துவிடுவாள். விசாரிக்காதவர்களுக்கும் சில சமயம் அண்ணாந்துவிடுவாள். "முள்ளிக்குக் கழுத்து இப்போ நல்லா வேலை செய்யுது" என்று மைனா காடெல்லாம் சொல்லிவிட்டது.

ஒரு நாள் தூரத்துச் சரிவில் இருந்து ஒரு கீரிப்பிள்ளை, குட்டிகளோடு வந்தது.

"இது யார் வீட்டுப் பூ?" என்று கேட்டது.

"இது தவிட்டி வீட்டுத் தேன்புகை" என்றாள் முள்ளி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா தவிட்டிக்கு அது எங்கே இருந்து வந்துச்சுன்னு நீங்க கேட்டீங்கன்னா, அது யாரு வளர்த்த பூவுன்னா—"

"அம்மா, இங்கே வா, பசிக்குது" என்று வளைக்குள் இருந்து ஊசி கூப்பிட்டது.

முள்ளி போனாள். போகும்போது வழியைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டே போனாள்.

நீதி: பொத்தி வைத்தது புழுத்துப் போகும்; பகிர்ந்து கொடுத்தது பேர் சொல்லித் திரும்பி வரும்.