செம்போத்து ஏன் 'உம்' என்கிறது

பறவைகளும் விலங்குகளும் மனிதரோடு மனிதராகப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கதை சொல்லும் வேலை செம்போத்தினுடையதாக இருந்தது.

அப்போது அதன் கண்கள் நாவல் பழம் போலக் கறுத்திருக்கும். குரலோ, அழுகிற பிள்ளையும் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும்படியான குரல். ஊரில் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் செம்போத்தை அழைப்பார்கள். அது வாகை மரத்தின் உச்சிக் கிளையில் வந்து உட்காரும். கீழே ஊர் கூடும். செம்போத்து ஒரு வரி சொல்லும். கேட்பவர்கள் "உம்" என்பார்கள். அந்த "உம்" வந்த பிறகுதான் அடுத்த வரி. கேட்டோம், அது அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டோம் என்பதற்கு அதுவே அடையாளம். மனிதர்களுக்கு அன்று கதை சொல்லத் தெரியாது. செம்போத்து சொன்னது நிலைக்கும், சொல்லாதது மறந்துபோகும்.

அது நடந்ததை நடந்தபடியே சொல்லும். ஆடு திருடியவன் அந்த ஆட்டின் பாலைக் குடித்துக் கொழுத்தான் என்றால், கதையிலும் கொழுப்பான். நல்லவள் ஒருத்தி பாம்பு கடித்துச் செத்தாள் என்றால், கதையிலும் சாவாள். முடிவில் புத்திமதி எதுவும் இருக்காது. கேட்டவர்கள் சில நேரம் அழுவார்கள். சில நேரம் ஒன்றும் பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போவார்கள்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் சடைச்சி என்று ஒரு பெண் இருந்தாள். தாய் தகப்பன் இல்லை. வெள்ளாடு மேய்த்துப் பிழைத்தாள். இடுப்புக்குக் கீழே இறங்கும் கூந்தல் அவளுக்கு. அவளிடம் ஒரு மந்திரமும் இருந்தது. காய்ந்த எதையும் கையால் தொட்டு ஈரமாக்குவாள். மடி வற்றிய பசுவைத் தொட்டால் பால் சுரக்கும். கருகிய கொடியைத் தொட்டால் தளிர் விடும். ஆனால் அது சும்மா நடக்காது. பசுவுக்குப் பால் வந்த மறுநாள் அவள் தலையில் ஒரு வெள்ளை முடி தெரியும். போன ஈரம் அவள் வயதிலிருந்து போனது. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால் யாரும் அவளிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை.

ஊர்த்தலைவர் சொரிமுத்துவின் மகன் கொம்பையாவுக்கு அவள்மேல் ஆசை. ஆடு மேய்க்கும் இடத்துக்கு இலந்தைப் பழம் கொண்டுபோய்க் கொடுப்பான். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அறுப்பு முடிந்ததும் கல்யாணம் என்று பேசியிருந்தார்கள்.

அந்த வருஷம் அறுப்பு வரவில்லை. மழை பொய்த்தது. கிணறுகள் சேறாகி, சேறு வெடித்துப் பாளமாயின. மாடுகள் நின்ற இடத்திலேயே விழுந்தன. பக்கத்து வீட்டு மாடத்தி தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு சடைச்சியிடம் ஓடிவந்தாள்.

"மதினி, எம்புள்ளைக்கு நாக்கு உள்ள இழுக்குது. அழக்கூட மாட்டேங்குது. ஏதாவது செய்யி மதினி."

சடைச்சி குழந்தையின் வாயில் விரலை வைத்தாள். அதன் உதடு நனைந்தது. அவளுடைய கன்னத்தில் ஒரு சுருக்கம் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற சொரிமுத்து, ஊரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"தாயி, ஒவ்வொரு வாயா நனைச்சா நீ எத்தன பேரக் காப்பாத்துவ? மலையடியில கிடக்கிற பாறையத் தொடு. ஊருக்கே தண்ணி வரட்டும்."

"பாறையத் தொட்டா எம்புட்டு வயசு போகும்னு எனக்கே தெரியாது, ஐயா."

"போனாப் போகட்டும். நீ எங்க வீட்டு மருமக. அத யாரும் மாத்த முடியாது. ஊருக்கு முன்னால சொல்லுறேன், செம்போத்து கேட்கச் சொல்லுறேன்."

சடைச்சி கொம்பையாவைப் பார்த்தாள். அவன் முன்னே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உன் தலை நரைச்சா எனக்கென்ன? நான் உன் தலைமுடியவா கட்டப்போறேன்?"

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள். வாகை மரத்து உச்சியில் இருந்த செம்போத்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் பாறைமேல் இரண்டு கைகளையும் வைத்துக் கண்ணை மூடினாள். முதலில் பாறை வியர்த்தது. பிறகு ஒரு கீறல் விட்டது. கீறலிலிருந்து தண்ணீர் ஒரு நூலாக வந்து, கயிறாகத் திரண்டு, சுனையாகப் பொங்கியது. ஊரே ஓடிப்போய்க் கவிழ்ந்து விழுந்து குடித்தது. பிள்ளைகள் தண்ணீரில் உருண்டார்கள். மாடத்தி குழந்தையின் தலையில் அள்ளி அள்ளி ஊற்றினாள். அது வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு அவள் பைத்தியம் மாதிரிச் சிரித்தாள்.

சடைச்சி மட்டும் பாறையில் கிடந்தாள். கூந்தல் முழுக்க வெளுத்து, பாதி உதிர்ந்திருந்தது. முதுகு வளைந்துவிட்டது. பற்கள் இல்லை. எழுந்து உட்கார்ந்து, "எனக்குக் கொஞ்சம் தண்ணி" என்று கேட்டாள். இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. கொம்பையா தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவளைப் பார்த்தான். பார்த்த கண்ணை உடனே திருப்பிக்கொண்டு, மறுபடி குனிந்து குடிப்பதுபோல முகத்தை மறைத்துக்கொண்டான்.

அதன்பின் அவன் அவள் குடிசைப் பக்கம் வரவில்லை. இன்று வருவான், நாளை வருவான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த சடைச்சி, கடைசியில் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு தலைவர் வீட்டுக்கு நடந்தாள். கொம்பையா உள்ளே போய்விட்டான். சொரிமுத்துதான் வாசலுக்கு வந்தார்.

"நீயே சொல்லு தாயி. அவன் சின்ன வயசுக்காரன். உன்ன எந்த முறை சொல்லிக் கூப்பிடுவான்?"

"ஊருக்கு முன்னால சொன்னீங்களே, ஐயா."

"சொன்னேன். இந்த அளவுக்கு ஆகும்னு யாருக்குத் தெரியும்? மேற்கூர்ல பொண்ணு பார்த்தாச்சு. உனக்குச் சாகுற வரைக்கும் கஞ்சி என் வீட்டிலிருந்து வரும். வேற என்ன வேணும்?"

சடைச்சி கம்பை ஊன்றி நிமிர்ந்தாள்.

"கஞ்சி வேண்டாம். கல்யாணமும் வேண்டாம். கல்யாணப் பந்தல்ல செம்போத்து கதை சொல்லுமில்ல, அப்ப சுனை எப்படி வந்துச்சுன்னு சொல்லட்டும். எனக்கு அது போதும்."

அவள் போனதும் சொரிமுத்து வாகை மரத்தடிக்குப் போனார். செம்போத்தை அவர் மிரட்டவுமில்லை, கெஞ்சவுமில்லை.

"மேற்கூர்க்காரங்க பந்தல்ல உட்கார்ந்திருப்பாங்க. வாக்கு மாறின வீடுன்னு தெரிஞ்சா பொண்ணக் கூட்டிக்கிட்டுத் திரும்பிருவாங்க. சுனைத் தண்ணிய யாருக்கு எப்ப விடுறதுங்கறது என் கையில இருக்கு, அது ஊருக்குத் தெரியும். நீ உனக்குத் தெரிஞ்சதச் சொல்லு" என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

இதே பேச்சை வீடு வீடாகவும் பேசிவிட்டு வந்தார் என்பது செம்போத்துக்குத் தெரியாது.

கல்யாணத்தன்று வாகை மரத்தடியில் போட்ட பந்தல் நிறைந்திருந்தது. சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். செம்போத்து தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கியது.

"இந்த ஊரிலே சடைச்சி என்று ஒரு பெண் இருந்தாள்."

பந்தலில் யாரும் "உம்" சொல்லவில்லை.

காதில் விழவில்லை போலும் என்று நினைத்து மறுபடி சொன்னது. "சடைச்சி என்று ஒரு பெண். நீண்ட கூந்தல்காரி."

அமைதி. ஒருவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளினார். இன்னொருவர் பந்தல் கூரையைப் பார்த்தார். செம்போத்து மாடத்தியைத் தேடியது. அவள் மடியில் குழந்தை கொழுகொழுவென்று உட்கார்ந்து வளையலைக் கடித்துக்கொண்டிருந்தது. மாடத்தி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

செம்போத்து பிறந்த நாள் முதல் அந்த அமைதியைக் கேட்டதில்லை. என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே அடுத்த வரி வாயிலிருந்து வந்தது.

"இந்த ஊரிலே... ஒரு கிழவி இருந்தாள்."

"உம்" என்றது ஒரு குரல். மாடத்தியின் குரல்.

"மந்திரம் தெரிந்த கிழவி."

"உம்" என்றார்கள் நாலைந்து பேர்.

"ஊர்த் தண்ணீரையெல்லாம் மந்திரத்தால் பாறைக்குள் ஒளித்து வைத்தாள்."

"உம்!" என்றது பாதிப் பந்தல்.

அதன் பிறகு செம்போத்தால் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு பொய்க்கும் "உம்" பெருகியது. தலைவர் மகன் கொம்பையா தன்னந்தனியாக மலைக்குப் போனான். கிழவி அவனை ஆடாக மாற்றப் பார்த்தாள். அவன் பயப்படாமல் அவள் கூந்தலை அறுத்தான்; மந்திரம் செத்தது. பாறையை உதைத்தான், தண்ணீர் வந்தது. கிழவி அழுதுகொண்டு காட்டுக்குள் ஓடினாள். கொம்பையா அழகான பெண்ணைக் கட்டிக்கொண்டு சுகமாக வாழ்ந்தான்.

"ஆகவே, பெரியோர்களே," என்று செம்போத்து முதல்முறையாக ஒரு புத்திமதியும் சொன்னது, "தனியாக இருக்கும் கிழவியை நம்பாதீர்கள். நல்லவர்களுக்கு எல்லாம் நல்லபடியாகவே முடியும்."

பந்தல் கைதட்டி ஆர்ப்பரித்தது. ஒரு கதை முடிந்து எல்லோரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனது அன்றைக்குத்தான். யாருக்கும் நெஞ்சில் எதுவும் உறுத்தவில்லை. கொம்பையாவே, தான் பாறையை உதைத்த காலைப் புது மனைவியிடம் காட்டினான்.

பந்தலுக்கு வெளியே வாழை மரத்தைப் பிடித்துக்கொண்டு சடைச்சி நின்றிருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு மெல்ல நடந்து வாகை மரத்தடிக்கு வந்தாள்.

"என் வயசு போச்சு. அது நானாக் கொடுத்தது, அதுக்கு யார் மேலயும் எனக்குக் கோபமில்ல" என்றாள். "என் கதைய நான் கொடுக்கலையே. அத ஏன் எடுத்தே?"

"ஒருத்தரும் 'உம்' சொல்லலையே, சடைச்சி. நான் என்ன செய்வேன்?"

"நான் சொன்னேன். நீ என் பேரச் சொன்னதும் அந்த வாழையடியில நின்னு 'உம்'னு சொன்னேன். பல்லு இல்லாத வாய். ஆனாலும் சத்தமாத்தான் சொன்னேன். உனக்குக் கேட்கலையா?"

செம்போத்து கீழ்க் கிளைக்கு இறங்கி வந்தது.

"கேட்டுச்சு" என்றது. "ஒரு ஆள் போதாதுன்னு நினைச்சேன்."

சடைச்சி அதைத் திட்டவில்லை, சபிக்கவுமில்லை. திரும்பி நடந்தாள். தெருமுனையில் பிள்ளைகள் "மந்திரக்காரி, மந்திரக்காரி" என்று கத்திக்கொண்டு கல்லெறிந்தார்கள். சுனையில் குளித்துத் தலைகூட உலராத பிள்ளைகள். அவள் காட்டுக்குள் போனாள். அதன்பின் அவளை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் செம்போத்தால் பொறுக்க முடியவில்லை. ஊருக்கு நடுவே வந்து, "நான் சொன்னது பொய், நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்" என்று கூப்பிட்டது. ஆனால் அதற்குள் மனிதர்கள் கதை சொல்லக் கற்றுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு கிழவியும் கொம்பையாவும்தான். "நீ தப்பாச் சொல்லுற. கதை அப்படி இல்ல" என்று ஒரு சின்னப் பெண் செம்போத்தைத் திருத்தினாள். செம்போத்து பக்கத்து ஊருக்குப் பறந்தது. கதை அதற்கு முன்பே போயிருந்தது. கொம்பையா அங்கே ராஜகுமாரனாகிவிட்டான். இன்னொரு ஊரில் கிழவிக்குக் கோரைப் பல் முளைத்திருந்தது. பல்லே இல்லாதவளுக்கு!

செம்போத்து ஊர் ஊராகக் கத்தியது. கத்திக் கத்தித் தொண்டை கிழிந்தது. சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துபோயின. அழுது அழுது கண் ரத்தமாகச் சிவந்தது. பறந்து ஓய்ந்த இறக்கை மறுபடி உச்சிக் கிளைக்கு ஏறவில்லை. கடைசியில் சடைச்சியைத் தேடிக் காட்டுக்குள் போயிற்று. புதர் புதராக நடந்து தேடியது. "சடைச்சி" என்று கூப்பிட வாயைத் திறந்தபோது வந்தது "உம்" என்ற ஒலி மட்டும்தான்.

இப்போதும் செம்போத்து குறுக்கே போனால் நல்ல சகுனம் என்று மனிதர்கள் மகிழ்ந்துபோகிறார்கள். அந்த நாளிலிருந்துதான் மந்திரக் கதைகளில் காட்டில் தனியாக இருக்கும் கிழவி எப்போதும் கெட்டவளாக இருக்கிறாள், அந்த நாளிலிருந்துதான் சிவந்த கண்களோடு செம்போத்து புதருக்குள் நடந்தபடி, யாரும் சொல்லாத ஒரு கதைக்கு "உம்... உம்... உம்..." என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது.