ஆணியே இல்லாத பாதை

கூலிக்கு உழவு ஓட்டும் மரகதத்தின் டிராக்டர் டயர், தில்லைநாயகம் பண்ணையை ஒட்டிய பொதுவழியில் படாரென்று வெடித்தது. இறங்கிப் பார்த்தால் விரல் நீள ஆணி! அந்த வழியை வளைத்துப்போட தில்லைநாயகம்தான் ஆணி புதைத்திருந்தார் என்பது ஊருக்கே தெரியும். வாய் திறக்கத்தான் ஆளில்லை.

மரகதம் பஞ்சாயத்தைக் கூட்டினாள். தில்லைநாயகம் புதுக் காரில் வந்து இறங்கினார்.

"ஆணியை எங்கேயோ ஏத்திக்கிட்டு வந்து என் மேல பழி போடுறா. பாதையில ஆணி இருந்தா நிரூபிக்கட்டும். ஆனா ஒருத்தரும் மண்ணைக் கிளறக் கூடாது. முடியலேன்னா, இனிமே அந்த வழியில டிராக்டரே வரக் கூடாது!"

டிராக்டர் வராவிட்டால் அப்பால் இருக்கும் நிலமெல்லாம் தரிசுதான். மரகதம் பணிவாகக் கும்பிட்டாள்.

"ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும். மண்ணைத் தொட வேண்டாம். ஐயாவோட கார் அந்தப் பாதையில ஒரு தடவை போயிட்டு வரட்டும். நான் எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

தில்லைநாயகம் புதுக் காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஆனாலும் மீசையை முறுக்கி, "எடுடா வண்டியை!" என்றார்.

டிரைவர் துரைக்கண்ணு பதறிப்போனான். "ஐயோ, புது டயருங்க! ஆணி கிடக்குற பக்கம் போகாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஊர் சிரித்த சிரிப்பில் மரத்துக் காக்கைகள் பறந்தன. டயரும் வாங்கித் தரணும், ஆணியையும் அவரே பொறுக்கணும் என்று தீர்ப்பானது.

மறுநாள் தில்லைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டி, குனிந்து குனிந்து ஆணி பொறுக்கினார். பின்னாலேயே புது டயரோடு டிராக்டரை மெல்ல உருட்டி வந்த மரகதம் சொன்னாள்:

"பார்த்து எடுங்கய்யா, கையில குத்திடப் போவுது."