கோணல் செங்கல் மலை

அடுத்த பௌர்ணமிக்கு ராஜா அணையைப் பார்க்க வருகிறார் என்றதும், மந்திரி மண் சுமக்கும் செவந்தியைக் கூப்பிட்டார்.

"அணைக்கு ஆகாத கோணல் செங்கல் மலையாக் குவிஞ்சு கிடக்கு. பக்கத்துல உங்க ஓட்டைக் குடிசைங்க. ரெண்டும் ராஜா கண்ணுல படக்கூடாது. வண்டியும் கிடையாது, கூலியும் கிடையாது."

"ஆகட்டும் சாமி. செங்கலை எங்கே வைக்கிறது?"

"எங்கேயாவது வச்சுத் தொலை!"

பௌர்ணமியன்று ராஜா வந்தார். குவியலும் இல்லை, குடிசையும் இல்லை. அணையோரம் நீளமாக ஒரு புதுத் தெரு. வீட்டுக்கு வீடு பால் பொங்கிக்கொண்டிருந்தது.

மந்திரி பல்லைக் கடித்தார். "யாரடி வீடு கட்டச் சொன்னது?"

"எங்கேயாவது வைக்கச் சொன்னீங்க சாமி. ஒண்ணு மேல ஒண்ணா வச்சோம்."

ராஜா அணைப் பக்கமே திரும்பவில்லை. முதல் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"மந்திரி, அடுத்த அணை கட்டும்போது, கட்டுறவங்களுக்குத் தெருதான் முதல்ல."