தூணில் அடங்காத பட்டம்

நெடுங்குன்றத்து அரண்மனை வாசலில் ஒரு வண்டி கரும்பு வந்து நின்றது. கூடவே புன்னை நாட்டு அரசரின் ஓலை.

"நெடுங்குன்ற நாயகனாகிய வேழத்துக்கு எங்கள் அன்புக் காணிக்கை. நாளை நண்பகல் எம் தூதர் தங்களைக் காண வருவார். துதிக்கை நலமா?"

மன்னர் வளவராயர் ஓலையை இரண்டு தரம் படித்தார். பிறகு மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என்னை யானை என்று எவன் சொன்னான்?"

சபையே நடுத்தூணைத் திரும்பிப் பார்த்தது. அந்தத் தூணில் ஒடுக்கமாய், நெட்டையாய் ஒரு திரை பதித்திருந்தது. அதில் எந்நேரமும் பிரவுசர் திறந்திருக்கும். பிரவுசரில் அரண்மனையின் வலைப்பக்கம், அதன் உச்சியில் மன்னரின் பட்டம். முழுப் பட்டம் 'நெடுங்குன்ற நாயகன் வேழம் அடக்கிய வெற்றிவேள் வளவராயப் பெருமகனார்'. திரையில் தெரிந்ததும், வந்துபோன புன்னை நாட்டார் படித்துச் சென்றதும், 'நெடுங்குன்ற நாயகன் வேழம்…'

"பின்னால் நிற்கிற அந்த மூன்று புள்ளிகள் யார்?"

"இடம் போதாவிட்டால் பிரவுசர் போடுவது, மன்னா" என்று தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வலைப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வடிவு. எதன் பின்னாலாவது நின்றால்தான் அவளுக்குப் பேச்சே வரும்.

மந்திரி பேரின்பநாதர் கனைத்தார். அந்த வேலையைத் தம் மைத்துனனுக்கு வாங்கிவிட வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை.

"இடம் தாராளமாக இருக்கிறது, மன்னா. நானே அளந்தேன். பட்டத்தில் முப்பத்தைந்து எழுத்து. 'ர' என்ற எழுத்து, திரை அளவில் இருபது பிக்சல் புள்ளி அகலம். ஆக எழுநூறு. திரை எழுநூற்று இருபது. இந்தப் பெண்ணுக்குத்தான் அக்கறை இல்லை!"

"எல்லா எழுத்தும் 'ர' இல்லை, மந்திரியாரே" என்றாள் வடிவு. "'ர' ஒல்லி. 'வே'யும் 'னா'வும் மூட்டைமுடிச்சோடு பஸ் ஏறிய குடும்பம் மாதிரி. ஒரு இருக்கையில் அடங்காது."

மன்னர் கையை உயர்த்தினார்.

"தூதர் வரும்போது முழுப் பட்டமும் ஒரே வரியில் இருக்க வேண்டும். ஒரு சொல் குறையக் கூடாது, எழுத்து சிறுக்கக் கூடாது. சோதனைக்கென்று என் பெயரைத் திரையில் போட்டுப் போட்டு அழிக்கவும் கூடாது. தவறினால் மதில்மேல் போய்ப் புறாக்களை எண்ணு."

வடிவு தூணுக்குப் பின்னாலிருந்து மதிலை எட்டிப் பார்த்தாள். அவளுக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் ஆறு வருஷமாக அங்கேதான் எண்ணிக்கொண்டிருந்தார். புறாக்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை.

"திரையில் போடாமல் எப்படி அளப்பாய்?" மந்திரி சிரித்தார்.

"எழுத்தை அளக்கவே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி இருக்கிறது. அது பட்டத்தைத் திரைக்கு வெளியே, யார் கண்ணிலும் படாமல் எழுதும். அளக்கும். உடனே அழித்துவிடும்."

"வெளியே என்றால் எங்கே?" மன்னர் பதறினார்.

"இடப்பக்கம் பத்தாயிரம் புள்ளி தள்ளி, மன்னா. கணக்குக்கு ஒன்பது அடி."

"என் பெயர் குடையில்லாமல் அநாதையாக நிற்பதா? யாரங்கே!"

குடைக்காரரும் சாமரக்காரரும் ஓடிவந்து, திரையிலிருந்து இடப்பக்கம் ஒன்பது அடி அளந்தார்கள். அளவு முடிந்த இடத்தில் மந்திரி நின்றுகொண்டிருந்தார்.

"யோவ், என் பெயர்மேல் நிற்கிறீர்!" என்று மன்னர் கத்தினார்.

மந்திரி துள்ளி விலகினார்.

"இப்போது 'பெருமகனார்' மேல்! இறங்கும்!"

மந்திரி ஒற்றைக்காலில் நின்றார். வெறும் தரைக்குக் குடை பிடித்த பெரியவர், "அண்ணே, வெயிலே இல்லையே?" என்றார். "பேசாமல் பிடியும். நான் மட்டும் யாருக்கு வீசுகிறேன்?" என்றார் சாமரக்காரர்.

"இன்னுமா அளக்கவில்லை?" ஒற்றைக்கால் மந்திரி முனகினார்.

"பட்டத்தின் எழுத்துரு வந்து சேரட்டும்; இப்போது நிற்பது வேறொரு மாற்று எழுத்துரு. மாப்பிள்ளை வரும் முன்னே தோழனுக்கு அளவெடுத்தால் சட்டை பத்தாது."

எழுத்துரு வந்தது. வடிவு ஒரு தட்டுத் தட்டினாள். அகலம் ஆயிரத்து எண்ணூற்றுப் பதினொன்று. உயரம் அறுபத்திரண்டு.

"திரை எழுநூற்று இருபதுதான்!" மந்திரி இரண்டு காலையும் ஊன்றிக் குதித்தார். "புறா! புறா!"

வடிவின் கண் அந்த இரண்டாவது எண்ணிலேயே நின்றது. பிறகு தூணை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தாள்.

"நாளை அடங்கிவிடும், மன்னா."

மறுநாள் நண்பகல். புன்னை நாட்டுத் தூதர், பின்னால் பன்னிரண்டு பரிவாரம். தூணருகே வந்ததும் தூதர் நின்றார். மெல்ல மெல்லத் தலையைத் தோளில் சாய்த்தார். பரிவாரமும் வரிசையாகச் சாய்ந்தது. கடைசி ஆள் சாய்ந்த சாய்ப்பில் தலைப்பாகை உருண்டு ஓடியது.

"கழுத்துச் சுளுக்கா?" மன்னர் கிசுகிசுத்தார்.

"இல்லை, மன்னா. தங்கள் பட்டத்தைப் படிக்கிறார்கள்."

வடிவு பட்டத்தை அப்படியே செங்குத்தாக நிமிர்த்தி வைத்திருந்தாள். திரையின் உயரம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது புள்ளி. ஒரே வரி, ஒரு சொல் குறையவில்லை, மூன்று புள்ளிகளையும் காணவில்லை.

"மன்னரின் பெயரையே சாய்த்துவிட்டாள்!" என்று மந்திரி அலறினார்.

"பெயர் சாயவில்லை, மந்திரியாரே. நேராகத்தான் நிற்கிறது" என்றாள் வடிவு. முதல்முறையாக அவள் தூணைவிட்டு வெளியே வந்திருந்தாள். "நம் மன்னர் பெயரைத் தலைசாய்க்காமல் யாரும் படிக்க முடியாது. அவ்வளவுதான்."

மன்னர் சாய்ந்திருந்த பதின்மூன்று தலைகளையும் எண்ணினார். சிம்மாசனமே குலுங்கச் சிரித்தார். மந்திரி மதிலுக்குப் போனார். ஆறு வருஷத்துக்குப் பின் ஒருவர் இறங்கி வந்தார். கரும்பு வண்டி வடிவின் வீட்டுக்குப் போனது.

மன்னருக்குக் குஷி தாங்கவில்லை. "பெண்ணே, உயரத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம்?"

"நூற்று ஒன்பது புள்ளி, மன்னா."

"அதில் இன்னொரு பட்டம் சேர்! 'தலைசாய வைத்த தனிப்பெருந்தலைவன்'?"

"அடங்காது, மன்னா."

"'உலகாளப் பிறந்தவன்'?"

"அடங்காது."

"பின்னே எந்தச் சொல்தான் அடங்கும்?"

வடிவு குடைக்காரரை ஒன்பது அடி தள்ளி நிற்கச் சொன்னாள். ஒரு தட்டுத் தட்டி அளந்து பார்த்தாள்.

"'போதும்' என்ற சொல் கச்சிதமாக அடங்குகிறது, மன்னா."